ஜுரத்தோடு மலையேறுதல்

சனிக்கிழமை மாலையிலேயே தொண்டை கரகரத்து, இரவுச் சாப்பாடு கசந்து, போர்வைக்குள்ளும் குளிர் விடாமல் புரண்டு, நடுநிசியில் ஒரு பாரசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டு, அதிகாலை நான்கு மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மதுரைத் தல்லாகுளத்தில் காத்திருக்கும் கூட்டத்தோடு சிறுமலைக்குப் புறப்பட்டுவிடும் சைக்கிள்காரரை நம் ஊர் இரண்டு விதமாகப் பார்க்கிறது. வீட்டார் அவரை அசடு என்கிறார்கள். கூட்டாளிகள் அவரை வீரர் என்கிறார்கள். என்னுடைய அபிப்பிராயம் இவ்விரண்டிலும் சேராது. ஜுரம் கண்டவருக்குத் தம் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை அந்த வேளையில் இல்லை. ஆகையால் அவரைப் பாராட்டுவதிலும் பொருளில்லை, ஏசுவதிலும் பொருளில்லை. அவர் புறப்படலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் பொறுப்பு அவரை அழைத்துச் செல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பொறுப்பை நான் பார்த்த வரையில் நம் சைக்கிள் குழுக்கள் ஏற்றுக்கொள்வதில்லை என்பதே என் குறை.

மதுரைக்குச் சைக்கிள் புதிதன்று. பால் கேனையும் மல்லிகைப்பூ மூட்டையையும் தறி நூலையும் சுமந்து இந்நகரத்துச் சந்துகளில் அது பல தலைமுறைகளாக உழைத்திருக்கிறது. பிழைப்புக்காக அன்றி உல்லாசத்துக்காகவும் தேகப்பயிற்சிக்காகவும் கியர் வைத்த விலையுயர்ந்த சைக்கிளில் ஏறி, விடியுமுன் ஊரைக் கடந்து போவது மட்டுமே அண்மைக் காலத்து வழக்கம். அதற்கு இந்தச் சமவெளியைப் போல வாகான இடம் குறைவு. மேற்கே நாகமலை நீண்டு கிடக்கிறது. கிழக்கே ஒத்தக்கடையில் யானைமலை. கீழக்குயில்குடியில் சமணர் மலை. மேலூர்ப் பக்கத்தில், 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த அரிட்டாபட்டிக் குன்றுகள். இவற்றுக்கு நடுவே கண்மாய்க்கு அடுத்துக் கண்மாயாகக் கரையேறி இறங்கும் செம்மண் தடங்களில், சீமைக்கருவேல முள்ளுக்குத் தப்பி டயரை முழுசாக வீடு கொண்டுவந்து சேர்ப்பதே ஒரு வித்தை. இவ்வளவும் போதாதென்று தோன்றும்போதுதான் கூட்டம் மலைப்பாதையை நாடுகிறது. 18 கொண்டை ஊசி வளைவுகளோடு சிறுமலை முதலில். அதையும் வென்றவர்களுக்கு, வத்தலக்குண்டிலிருந்து ஏறத் தொடங்கி 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் முடியும் கொடைக்கானல் பாதை.

கூட்டமாகப் போவதற்கு நியாயங்கள் உண்டு. இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்கு ஒற்றை விளக்கைவிடப் பத்து விளக்குகள் நன்றாகத் தெரியும். ஊர் எல்லை நாய்கள் தனியாளைத் துரத்தும் துணிச்சலோடு கும்பலைத் துரத்துவதில்லை. பஞ்சர் ஆனால் பம்பு வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் போகிறவரின் முதுகு காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருகிறவருக்குப் பிரயாசை கணிசமாகக் குறைகிறது. இந்தக் கடைசி நியாயத்தில்தான் ஜுரக்காரருக்கான கண்ணி இருக்கிறது. நத்தம் சாலையின் சமதளத்தில், இருபது பேருக்கு நடுவில் ஒளிந்துகொண்டு, பிறர் பிளந்து கொடுத்த காற்றில், விடியற்காலைக் குளிர்ச்சியில், நள்ளிரவு மாத்திரையின் தயவில் அவரும் மற்றவர்களைப் போலவே போய்விடுவார். போவதோடு நில்லாமல், தமக்கு உடம்பு நேராகிவிட்டதென்றும் நம்பிவிடுவார். சிறுமலைப் பிரிவில் திரும்பி ஏற்றம் தொடங்கியதும் இந்த உபகாரங்கள் யாவும் ஒருசேரக் கைவிட்டுவிடுகின்றன. ஏற்றத்தில் வேகம் குறைந்துபோவதால் காற்றுத் தடை ஒரு பொருட்டல்ல; ஆகவே பிறர் முதுகும் உதவாது; தம் எடையையும் சைக்கிளின் எடையையும் பூமியின் இழுப்புக்கு எதிராகத் தாமே தூக்கியாக வேண்டும். வெயிலும் அதற்குள் ஏறியிருக்கும். மாத்திரையின் வலு நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தணிந்துவிடுவது. நடுநிசியில் விழுங்கியது அங்கே வரைக்கும் துணை வராது. கூட்டம் சிதறி, வலியவர்கள் மேல் வளைவுகளில் கண்ணுக்கு மறைந்து, மெலிந்தவர் கடைசியில் தனித்து நிற்கும் இடமும் அதுவே. சமவெளியில் இருபது பேராக இருந்தது மலையில் ஒருவர் ஒருவராக ஆகிவிடுகிறது.

உடம்புக்குள் அப்போது நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மனிதத் தசை சிக்கனமான இயந்திரம் அன்று. அது செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே பெடலை வந்தடைகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாக மாறிவிடுகிறது. அந்த வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவந்து, வியர்வை வெளியேற்ற வேண்டும். ஜுர காலத்திலோ, தேகத்தின் வெப்ப அளவை நிர்ணயிக்கும் மூளைப் பகுதியே அந்த அளவை உயர்த்தி வைத்திருக்கிறது. வெப்பத்தை வெளியே விடாமல் காப்பாற்றவே சரீரம் முயல்கிறது. குளிர் நடுக்கம் அதன் அடையாளம். ஒரு டிகிரி செல்சியஸ் ஜுரத்துக்கு நாடித் துடிப்பு நிமிடத்துக்கு எட்டு, பத்து என்று கூடும். ஆகப் பாயில் படுத்திருக்கையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை எழுப்பி, தசைக்கும் இரத்தம் கொடு, தோலுக்கும் கொடு, ஏற்றத்துக்கும் ஈடு கொடு என்று கேட்கிறோம். கடும் உழைப்பில் நேரும் வெப்பத் தாக்குதலுக்கு இலக்காகிறவர்களைப் பற்றி மருத்துவ நூல்கள் சொல்லும் எச்சரிக்கைகளில், அண்மையில் வந்த ஜுரமோ வயிற்றுப்போக்கோ தவறாமல் இடம்பெறுகிறது. மதுரை வெயிலுக்கு இதற்குமேல் வியாக்கியானம் வேண்டியதில்லை.

இது வெறும் களைப்பைப் பற்றிய பேச்சாக இருந்தால் நானும் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். களைத்தவர் இளைப்பாறினால் தீர்ந்துபோகும். தொற்று நோயின்மேல் கடும் உழைப்பைச் சுமத்தினால் நோயே வேறு உருவம் எடுக்கக்கூடும் என்பதுதான் பயப்பட வேண்டிய செய்தி. இங்கிலாந்தில் இளம்பிள்ளை வாதம் பெரிதாகப் பரவிய 1947-ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரிட்சி ரஸ்ஸல் என்ற நரம்பியல் மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிகளை ஓர் எளிய கேள்வி கேட்டார்: வாதம் காண்பதற்கு முந்திய நாள்களில், ஜுரமும் தலைவலியும் மட்டுமே இருந்தபோது, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உடனே படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கடுமையான வாதம் வருவது அரிதாக இருந்தது. சாதாரண ஜுரந்தானே என்று தொடர்ந்து ஓடியாடி உழைத்தவர்களையே கடுமையான முடக்கம் பெரிதும் பற்றியது. அந்த நோய் இன்று நம் நாட்டைவிட்டு நீங்கிவிட்டது. ஆனால் வியர்வை சிந்தினால் ஜுரம் ஓடிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் நீங்கவில்லை. 1970-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதயத்தசையைத் தாக்கும் காக்ஸாக்கி என்ற வைரஸைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றில் ஒரு பகுதியை நாள்தோறும் நீந்த வைத்துப் பார்த்தபோது, நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியிருந்ததையும், இறந்த எலிகளும் அவற்றிலேயே மிகுதியாக இருந்ததையும் கண்டார்கள்.

எலி வேறு, மனிதன் வேறு என்று சொல்பவர்களுக்கு ஸ்வீடன் தேசத்தின் அனுபவம் இருக்கிறது. வரைபடமும் திசைகாட்டியும் கையில் கொண்டு, காட்டுக்குள் தாமே வழி கண்டுபிடித்து ஓடும் ஒரு விளையாட்டு அங்கே பிரசித்தம். மேடு பள்ளம், சேறு, குளிர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் திடகாத்திரமான இளைஞர்கள் அதில் ஈடுபடுகிறவர்கள். 1979-க்கும் 1992-க்கும் இடையில் அவர்களில் 16 பேர், இளம் வயதிலேயே, முன்னறிவிப்பின்றி இதயம் நின்று இறந்துபோனார்கள். பரிசோதித்தபோது அவர்களில் பலருடைய இதயத்தசையில் அழற்சியின் தடயம் இருந்தது. எந்தக் கிருமி காரணம் என்பதில் விவாதம் நீடித்தாலும், அந்நாட்டு விளையாட்டுச் சங்கத்தார் விவாதம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 1992-இன் இறுதியில் முன்னணி வீரர்களின் பயிற்சியையும் போட்டிகளையும் சில மாதங்கள் நிறுத்திவைத்தார்கள். உடம்பு சரியில்லாதபோது ஓடக்கூடாது என்பதைப் பழக்கமாக்கினார்கள். அதற்குப் பின்னர்ச் சில ஆண்டுகள் அத்தகைய மரணம் ஒன்றும் நேரவில்லை. இங்கே நான் கவனிக்கச் சொல்வது கிருமியை அன்று. தடையைப் போட்டது யார் என்பதை. ஒவ்வொரு வீரரும் தம் விவேகத்தின்படி நடந்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தால், அந்த விவேகம் அவர்களைக் காட்டுக்குள்ளேதான் அனுப்பியிருக்கும்.

நம் ஊருக்கென்றே ஓர் அபாயம் தனியாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து, வெயில் தணிந்து, கண்மாய்கள் நிறைந்து, சைக்கிள்காரர்களுக்கு ஆண்டின் மிகச் சிறந்த பருவம் தொடங்கும் அதே வாரங்களில்தான் வீட்டுக் கொல்லையில் தேங்கிய நீரில் டெங்குக் கொசுவும் பெருகுகிறது. மற்ற ஜுரங்களில், சூடு தணிந்தால் பாதி குணம் என்று கொள்ளலாம். டெங்குவில் அப்படிக் கொள்வதற்கில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்குகிற தருணத்திலேயே இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, ஓரிரு நாள்கள் உயிருக்கே அபாயமான கட்டம் வரக்கூடும். புதன்கிழமை படுத்தவர் சனிக்கிழமை மாலை தெர்மாமீட்டரைப் பார்த்து, ‘விட்டுப் போச்சுப்பா, நாளைக்கு வர்றேன்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறாரே, அவர் அந்தக் கட்டத்தின் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கலாம். உடம்பு வலிக்காக அவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளோ டெங்குவில் இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நிலவேம்புக் குடிநீரைக் குடித்துவிட்டேன், ஆகவே கவலையில்லை என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவரையும் ஒரு வாரம் வீட்டில் வைத்திருப்பதே உத்தமம்.

சைக்கிளும் மலையும் நோயும் ஒன்றுசேர்ந்த கதைகளில் உலகம் மறவாத ஒன்று உண்டு. 1967-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தின் 13-ஆம் கட்டத்தில், வான்டூ என்ற மொட்டை மலையின் ஏற்றத்தில், டாம் சிம்ப்சன் என்ற 29 வயது ஆங்கிலேய வீரர் உச்சியை எட்டச் சிறிது தூரமே இருக்கும்போது விழுந்து இறந்தார். அவர் உடம்பில் ஆம்ஃபிடமின் என்ற ஊக்க மருந்தும் மதுவும் இருந்தன என்று பரிசோதனை சொல்லிற்று. அதன் பின்னர் அந்தப் பந்தயத்தின் சரித்திரத்தில் அவர் பெயர் ஊக்க மருந்தோடு சேர்த்தே பேசப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய சில நாள்களாகவே அவர் வயிற்றுக்கோளாறால் அவதிப்பட்டு, உண்ட உணவு தங்காமல் நீர் வற்றி மெலிந்திருந்தார் என்பது இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. முதல் தடவை அவர் விழுந்தபோது, அவருடைய அணியின் மெக்கானிக், இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றே நினைத்தார்; அப்படிச் சொல்லவும் செய்தார். விழுந்தவரோ கேட்கவில்லை. ஆகவே அவரைத் தூக்கிச் சைக்கிளில் அமர்த்தி, கால்களைப் பெடலில் கட்டித் தள்ளிவிட்டார்கள். சில நூறு மீட்டர் போய் அவர் மறுபடியும் சாய்ந்தார், பிறகு எழவில்லை. தம்மைச் சைக்கிளில் ஏற்றிவிடுமாறு அவர் வீரமாகக் கேட்டதாகப் பரவிய கடைசி வாசகம் ஒரு பத்திரிகையாளர் எழுதிச் சேர்த்தது என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. எங்கள் பத்திரிகைத் தொழிலில் இப்படியும் நடக்கும். நான் இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் வீரரைவிட அந்த மெக்கானிக்கே மனத்தில் நிற்கிறார். அவருக்கு உண்மை தெரிந்திருந்தது. அதைச் செயலாக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

மூக்கில் நீர் வடிந்தாலே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமா என்று ஆட்சேபம் எழுவது நியாயமே. வேண்டியதில்லை. எய்க்னர் என்ற அமெரிக்க மருத்துவர் 1990-களில் விளையாட்டுக்காரர்களுக்குச் சொல்லிவைத்த ஓர் அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது: கழுத்துக்கு மேலே மட்டும் உபாதை என்றால், அதாவது மூக்கடைப்பு, தும்மல், இலேசான தொண்டைக் கரகரப்பு என்றால், பாதி வேகத்தில் பத்து நிமிஷம் போய்ப் பார்க்கலாம், தலை தெளிந்தால் தொடரலாம், கனத்தால் திரும்பிவிடலாம். கழுத்துக்குக் கீழே இருமல், மார்பு இறுக்கம், வயிற்றுப்போக்கு, உடம்பு வலி ஆகியவை இருந்தாலோ, ஜுரம் எந்த அளவில் இருந்தாலோ, போகக்கூடாது. பாமரருக்கும் புரியும் இந்த விதியில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அது தனியாக ஓடுகிறவரை உத்தேசித்துச் சொல்லப்பட்டது. பத்து நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுதந்திரம் அவருக்கு உண்டு. அதிகாலை இருட்டில் இருபது பேரோடு புறப்பட்டவர் பத்தாம் நிமிஷத்தில் எந்த வாயால் திரும்புகிறேன் என்று சொல்வார்?

சொல்லிப் பார்ப்பவர்களும் இல்லாமல் இல்லை. ‘அண்ணே, ராத்திரியிலிருந்து மேலுக்கு முடியலண்ணே’ என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்ல, ‘அட வாப்பா, ரெண்டு வளைவு ஏறி வேர்வை வந்துச்சுன்னா எல்லாம் சரியாப் போயிரும்’ என்று மற்றொருவர் முதுகில் தட்டிக் கொடுப்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். தட்டிக் கொடுத்தவர் கெட்டவர் அல்லர், பிரியமாகவே சொன்னார். அந்தப் பிரியத்துக்குள் ஒரு நிர்ப்பந்தம் இருப்பது அவருக்கே தெரியாது. வராதவர் பெயர் மறுநாள் பரிகாசத்துக்கு உள்ளாவதும், புகைப்படத்தில் இல்லாதவர் குழுவின் பேச்சிலும் இல்லாமற்போவதும், கைப்பேசிச் செயலியில் ஒவ்வொருவர் வேகமும் தூரமும் எல்லாருக்கும் தெரியும்படி பதிவாவதும் சேர்ந்து, சாதாரண மனிதர் ஒருவருக்கு வீட்டில் படுத்திருப்பதைப் பெரும் சங்கோசமாக ஆக்கிவிடுகின்றன. வங்கியிலோ கல்லூரியிலோ ஜுரம் என்று ஒரு வரி எழுதி விடுப்பு எடுக்கத் தயங்காதவர், சம்பளம் இல்லாத இந்தக் காரியத்தில் விடுப்புக் கேட்க வெட்கப்படுகிறார் என்பது விசித்திரம்.

வைராக்கியத்தை மதிக்கும் சமூகம் நம்முடையது, அதில் தவறில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும், மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்களும், தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுபவர்களும் கால் கொப்புளத்தையும் காய்ச்சலையும் பொருட்படுத்தாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் இன்று சைக்கிளில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் அந்த யாத்திரைகளின் வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவற்றின் உள்ளமைப்பைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பாதயாத்திரைக் குழுக்களின் பின்னால் சமையல் சாமானும் படுக்கையும் ஏற்றிய வண்டி ஒன்று வருவது வழக்கம். நடக்க மாட்டாதவர் அதில் ஏறிக்கொள்வார், அதனால் அவர் பக்தி குறைந்ததாக எவரும் சொல்வதில்லை. ஐயப்பன்மார் குழுவில் குருசாமி என்று ஒருவர் இருக்கிறார். வயதிலும் அனுபவத்திலும் மூத்த அவர் உட்கார் என்றால் கன்னிச்சாமி உட்கார வேண்டியதுதான். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் அவசர சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. நடக்க இயலாதவர்க்கு டோலி இருக்கிறது. இத்தகைய ஏற்பாடு மெலிந்த இடத்தில் என்ன நேர்கிறது என்பதற்குக் கோவை வெள்ளியங்கிரி சாட்சி. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கே அடுத்தடுத்துப் பலர் வழியிலேயே இறந்துபோக, இதய நோயும் மூச்சுக்கோளாறும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்த வேண்டியதாயிற்று. ஆயினும் அடிவாரத்தில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவ்வளவு தூரம் வந்தபின் அறிவிப்பு ஒன்றும் செய்யாது. உடன் வந்த மனிதர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

நோயுற்றவர் வருவதால் மற்றவர்களுக்கு நேரும் கஷ்டத்தைப் பற்றி நாகரிகம் கருதி யாரும் பேசுவதில்லை. நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். பன்னிரண்டாம் வளைவில் ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்தால் அன்றைய பயணம் எல்லாருக்கும் முடிந்தது. 108-க்குச் சொன்னால் வண்டி வரும். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து அது மலையேறி வர வேண்டும், கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் வளைவை நாம் முதலில் தேட வேண்டும். ஒரே பாட்டில் தண்ணீரை நான்கு பேர் பகிர்ந்து குடிக்கும் கூட்டத்தில் ஜலதோஷம் எப்படிப் பரவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இவை எல்லாவற்றையும்விட இறக்கம் பொல்லாதது. ஏற்றத்தில் மெதுவாக விழலாம். இறக்கத்தில் கண் ஒரு கணம் இருண்டால் எதிரே வரும் பேருந்தும் வளைவின் விளிம்பும் காத்திருக்கின்றன. பின்னால் வருகிறவர் அவர்மேல் மோதாமல் இருப்பது தெய்வாதீனம்.

ஆகையால் நான் கோருவது அதிகம் அன்று. மலைப்பாதைக்குக் கூட்டம் கூட்டும் ஒவ்வொரு குழுவும் அன்றைக்கென்று ஒருவரைத் தலைவராகக் குறித்து, முடிவு சொல்லும் அதிகாரத்தை அவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அவர் குழுவிலேயே மிக வேகமானவராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமலிருப்பதே நலம். பிரேக்கும் டயர் காற்றும் பார்க்கிற அதே ஐந்து நிமிஷத்தில் அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இரவு தூக்கம் எப்படி, ஜுரம் உண்டா, மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மாத்திரைக் கேள்வி முக்கியம்; ஜுரம் இல்லை என்று கூசாமல் சொல்கிறவர்களும் மாத்திரையை மறைப்பதில்லை. ஆம் என்றவரை அங்கிருந்தே டீக்கடை வரை கூட்டிப் போய், ஒரு சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வலியவர் வர வேண்டும். சற்று வசதியுள்ள குழுவானால் ஒரு குட்டியானை வண்டியையும் பின்னால் வரச் சொல்லலாம், இருபது பேர் பங்கிட்டால் வாடகை பெரிதன்று. இன்ன இடத்தில் எல்லாரும் நின்று கூடிய பிறகே மேலே போவது என்ற ஒழுங்கும் வேண்டும். அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு வரும் கள்ளழகரே வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்கித் தங்கித்தான் வந்து சேர்கிறார். நம் சைக்கிள்காரர்களுக்கு அதைவிட என்ன அவசரம்?

தொலைதூரச் சைக்கிள் பயண அமைப்புகள் நடத்தும் 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்களைச் சிலர் எடுத்துக்காட்டி, அங்கே ஒவ்வொருவரும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வதுதானே விதி என்பார்கள். உண்மை. ஆனால் அங்கே 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம் தருகிறார்கள். வேகத்தை யாரும் கொண்டாடுவதில்லை. பாதியில் நிறுத்துகிறவர் அமைப்பாளருக்குத் தகவல் சொல்லிவிட்டு இரயிலேறி ஊருக்குப் போவது நிதம் நடக்கும் காரியம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் அவர்களுடைய தனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெருந்தன்மையை விட்டுவிட்டன.

திரும்பி வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதயத்தசை அழற்சி என்று மருத்துவர் கண்டறிந்தவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை கடும் பயிற்சியை விட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவ விதி; கொரோனாக் காலத்துக்குப் பிறகு இது விளையாட்டுக்காரர்களிடையே ஓரளவு பரவலாகத் தெரிந்திருக்கிறது. சாதாரண ஜுரத்துக்கு அவ்வளவு காலம் வேண்டாம். ஆனால் ஜுரம் விட்ட முதல் ஞாயிறே கொடைக்கானல் என்று கிளம்பாமல், வைகைக் கரையிலோ நாகமலை அடிவாரத்திலோ சில நாள் மெதுவாகச் சுற்றி வந்து, காலையில் எழுந்தவுடன் நாடி பழைய நிலைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகு ஏற்றத்துக்குப் போகலாம். படியேறும்போது மார்பு வலித்தாலோ, படபடப்பு அடங்காவிட்டாலோ சைக்கிள் கடைக்குப் போவதற்கு முன் பெரியாஸ்பத்திரிக்கோ வேறு மருத்துவரிடமோ போக வேண்டும்.

பெரிய அளவில் நடத்தப்படும் மலைப் பயணங்களில் இன்னும் ஒரு தடை இருக்கிறது, அது காசு. பெயர் பதியும்போதே உணவுக்கும் சட்டைக்கும் பதக்கத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கிவிட்டு, எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சிட்டு விடுகிறார்கள். ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு நம் நடுத்தர வர்க்கத்தார் ஜுரத்துக்காக அதை விட்டுக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது உலக அனுபவம் இல்லாதவர் பேச்சு. கட்டிய பணத்துக்காகவே பலர் மாத்திரையோடு வந்து நிற்கிறார்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் உடம்பு சரியில்லை என்று தெரிவித்தவரின் கட்டணத்தை அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பதில் அமைப்பாளர்களுக்கு நேரும் நஷ்டம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது. மருத்துவச் சான்றிதழ் கேட்டு அவரை அலைக்கழிக்கவும் கூடாது. இரண்டொருவர் பொய் சொல்லிச் சலுகை பெற்றால் பெற்றுவிட்டுப் போகட்டும். சட்டையையும் அவரே வைத்துக்கொள்ளலாம். சிறுமலை ஏறாதவர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு மாசி வீதியில் உலாவுவதால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடாது.